வீடாகப் பிறந்த கடைகள்: லண்டனின் 200 ஆண்டு டெரஸ் கட்டடங்களைப் புரிந்துகொள்வது எப்படி?

இங்கிலாந்தில் கடையை மூடிவிட்டு அதைக் குடியிருப்பாக மாற்றும் விதிகள் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாகத் தளர்ந்துவிட்டன. அதே நாட்டில், பழைய கட்டடத்தில் கடை நடத்தும் ஒருவர் பெயர்ப்பலகையை மாற்றுவதற்குக்கூட கவுன்சிலின் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்கிறது. முழுக் கடையையே வீடாக்கலாம், ஆனால் ஒரு பலகையை மாட்ட முடியாதா என்று செய்தி படிப்பவர்கள் குழம்புவது இயல்புதான்.

குழப்பத்தின் வேர் சட்டத்தில் பாதி, கட்டடத்தில் பாதி. லண்டனின் பழைய சாலைகளில் கடைகளாகத் தெரியும் பல கட்டடங்கள் கடைகளாகக் கட்டப்பட்டவையே இல்லை. 1800க்கும் 1840க்கும் இடையில், குடும்பங்கள் வாழ்வதற்காக எழுப்பிய வீடுகள் அவை. பிறகு ஒரு நாள் கீழ்த்தளத்தின் முகம் திறக்கப்பட்டு, வீடு கடையானது. அப்படித் திறந்ததில் என்ன மாறியது, எது இன்னும் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தால் இன்றைய விதிகளில் பெரும்பகுதி விளங்கிவிடும். எனவே அடித்தளத்திலிருந்தே தொடங்கலாம்.

டெரஸ் என்றால் மொட்டை மாடி இல்லை

தமிழில் டெரஸ் என்றதும் வற்றல் காயப்போடும் மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே முகப்பாக ஓடும் வரிசை வீடுகளைத்தான் அங்கே டெரஸ் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். இருவருக்கும் சொந்தமான பொதுச்சுவர். வெளிச்சமும் காற்றும் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் மட்டுமே வர முடியும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நமக்கு அது தேவைப்படும்.

இந்த வீடுகளின் வடிவத்தைத் தீர்மானித்தது 1774ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டம். 1666 பெருந்தீக்குப் பிறகு வந்த சட்டங்களின் தொடர்ச்சி அது. மதிப்பையும் தரைப்பரப்பையும் வைத்து வீடுகளை அது நான்கு தரமாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் பரப்பும் கொண்டது முதல் தரம். 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் குறைந்தது நான்காம் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் சுவர் எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஜன்னலின் மரச்சட்டம் தீப்பிடிக்காமல் இருக்க, அதைச் செங்கலுக்குப் பின்னால் மறைத்துவைக்கவும் சொன்னது. அந்தக் கால லண்டன் வீடுகளில் ஜன்னல் மரம் மெலிதாக, உள்ளடங்கித் தெரிவதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. தீயைப் பற்றிய பயமும் காரணம்.

கட்டும் பணத்துக்கும் ஒரு முறை இருந்தது. நிலம் பிரபுக்களிடமோ அறக்கட்டளைகளிடமோ இருக்கும். அவர்கள் விற்க மாட்டார்கள். பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவார்கள். கொத்தனாரோ தச்சரோ குத்தகை எடுத்து வீட்டைக் கட்டுவார். தொடக்கக் காலத்தில் பேருக்கு ஒரு வாடகை மட்டும் கொடுத்து, வீட்டுக்கு ஆள் பிடித்து, அதில் லாபம் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நல்ல செங்கல், தெரியாத இடத்தில் மலிவானது என்ற வழக்கம் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். குத்தகை முடிந்தால் வீடு நிலக்காரருக்குப் போய்விடும் என்னும்போது, முந்நூறு ஆண்டு நிற்கும்படி கட்ட அவருக்கு என்ன அவசியம்?

அந்தக் குத்தகைப் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும். இந்த வீட்டில் வியாபாரம் செய்யக்கூடாது, குறிப்பாக நாற்றமும் சத்தமும் தரும் தொழில் கூடாது. லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் பெட்ஃபோர்டு பிரபுவின் நிலத்தில் இதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். கண்ட வண்டிகளும் உள்ளே வராமலிருக்கத் தெருமுனையில் கதவுகள்கூட வைத்திருந்தார்கள். 1890களில்தான் அவை அகற்றப்பட்டன. கடை வேண்டுமென்றால் அதற்கென்றே தனியாகக் கட்டினார்கள். இன்று வோபர்ன் வாக் என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு தெரு அப்படித்தான் வந்தது. 1822இல் தாமஸ் கியூபிட் கட்டியது. வளைந்து வெளியே பிதுங்கிய கடை ஜன்னல்கள் அங்கே முதல் நாளிலிருந்தே உண்டு. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நம்மவர்கள் நன்கறிந்த கடைவீடுகளும் இந்த வகைதான்: கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை என்று திட்டமிட்டே கட்டியவை. நாம் பேசப்போகும் லண்டன் வீடுகளுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. அவற்றைக் கட்டியவர்கள் கடையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் ஒரு நடை

நடுத்தரமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் ஐந்து முதல் ஆறு மீட்டர். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் இரும்பு வேலி, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம். ஏரியா என்று அதற்குப் பெயர். நிலவறையில் இருக்கும் சமையலறைக்கு வெளிச்சமும், வேலையாட்களுக்குத் தனி வழியும் தருவது இந்தப் பள்ளம்தான். நடைபாதைக்கு அடியில் கரிக்கிடங்கு. நடைபாதையில் வட்டமான இரும்பு மூடியைத் திறந்து கரியை நேரே கீழே கொட்டிவிடுவார்கள். லண்டனில் பல தெருக்களில் அந்த மூடிகளை இன்றும் காலடியில் பார்க்கலாம்.

வாசல் ஒரு ஓரத்தில் இருக்கும். கதவுக்கு மேல் விசிறி வடிவக் கண்ணாடி. உள்ளே ஒடுக்கமான நடை. அதன் முடிவில் மாடிப்படி. நடைக்கு ஒரு பக்கமாக, ஒவ்வொரு தளத்திலும் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. கீழ்த்தளத்தில் சாப்பாட்டறை. முதல் மாடியில்தான் விருந்தினரை உட்காரவைக்கும் வரவேற்பறை; ஆகவே அங்கே ஜன்னல்கள் மிக உயரம், சில வீடுகளில் மெல்லிய இரும்பு பால்கனியும் உண்டு. இரண்டாம் மாடியில் படுக்கையறைகள், ஜன்னல் உயரம் குறையும். அதற்கும் மேலே வேலையாட்களின் அறை, ஜன்னல் இன்னும் சிறியது. மேலே ஏற ஏறச் சுருங்கும் ஜன்னல்களை வைத்தே வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்று தெருவிலிருந்து சொல்லிவிடலாம். கூரை தெரியாது. முகப்பின் உச்சியில் கைப்பிடிச் சுவர் எழும்பி அதை மறைத்துவிடும். பின்னால் போய்ப் பார்த்தால், இரண்டு பக்கச் சரிவும் நடுவில் சந்திக்கும் பள்ளக் கூரை தெரியும். மழைநீர் அந்த நடுக்கால்வாய் வழியாகத்தான் வடிய வேண்டும்.

எடை எப்படி இறங்குகிறது? இதுதான் முக்கியம். பொதுச்சுவர்கள் இரண்டு, முன்சுவர், பின்சுவர். இவை நான்கும் செங்கல். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருப்பது மரச்சட்டத்தில் பட்டி அடித்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய தடுப்பு. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். வெறும் தடுப்புதானே என்று தோன்றும். ஆனால் பல வீடுகளில் தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்கள் முன்சுவரிலிருந்து இந்தத் தடுப்புக்கும், தடுப்பிலிருந்து பின்சுவருக்கும் ஓடுகின்றன. மேலே உள்ள தளங்களின் பாதி எடை அந்த மரத்தடுப்பின் தலையில் இருக்கிறது.

வீடு ஏன் கடையானது?

இதற்கு நியூ ரோடு என்ற சாலையை விட நல்ல உதாரணம் கிடையாது. இன்று மேரிலபோன் ரோடு, யூஸ்டன் ரோடு, பென்டன்வில் ரோடு என்று மூன்று பெயர்களில் ஓடும் சாலை அது. 1756ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாடிங்டனையும் இஸ்லிங்டனையும் இணைக்க அமைக்கப்பட்டது. ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டிச்செல்லும் மாடுகள் நகரின் நெரிசலான தெருக்களுக்குள் புகாமல் போக ஒரு புறவழிச்சாலை தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை: சாலையிலிருந்து 50 அடிக்குள் எந்தக் கட்டடமும் எழும்பக்கூடாது. அதனால் பின்னாளில் வந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் முன்னால் நீளமான தோட்டம் வாய்த்தது.

1829 ஜூலையில் ஜார்ஜ் ஷிலிபியர் என்பவர் இதே சாலையில் குதிரை பூட்டிய ஆம்னிபஸ் விட்டார். மூன்று குதிரைகள், சுமார் இருபது பயணிகள், பாடிங்டனிலிருந்து நகரின் நடுவிலுள்ள பேங்க் பகுதி வரை. லண்டனின் முதல் பஸ் சேவை என்று அதைச் சொல்வார்கள். 1837இல் யூஸ்டன் ரயில் நிலையம், 1852இல் கிங்ஸ் கிராஸ், 1863இல் சாலைக்கு அடியிலேயே மெட்ரோபாலிட்டன் ரயில். தோட்டத்தோடு அமைதியாக வாழ வந்த குடும்பங்களுக்கு இனி அங்கே என்ன வேலை? வசதி உள்ளவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். அதே ரயிலும் பஸ்ஸும்தான் அவர்களைத் தள்ளிப் போகவும் விட்டன. வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. வாசலில் நாள் முழுக்க ஆட்கள் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் தோட்டத்தைவிடக் கடைக்கு மதிப்பு அதிகம். குத்தகையின் "வியாபாரம் கூடாது" நிபந்தனையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நிலக்காரருக்குத்தான் நஷ்டம். அது மெல்லத் தளர்ந்தது.

முதலில் தோட்டங்களில் சிலைகளும் கல்லறைக் கற்களும் செதுக்கி விற்கும் பட்டறைகள் வந்தன. அப்புறம் ஒரு மாடி உயரத்துக்குக் கடைகள், தோட்டத்தை முழுவதுமாக மூடிக்கொண்டு நடைபாதை வரை நீண்டன. இன்றும் லண்டனின் பழைய பெருஞ்சாலைகளில் நடக்கும்போது, தாழ்வான கடைவரிசை ஒன்றும், அதற்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி மேலெழும் மூன்று மாடிச் செங்கல் முகப்பும் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது ஒரு காலத்துத் தோட்டத்தைத்தான். எதிர்ப் பக்க நடைபாதைக்குப் போய் நின்றால்தான் பின்னால் இருக்கும் வீடு முழுதாகத் தெரியும்.

மாற்றிய வழிகள்

1. தோட்டத்தில் நீட்டுவது. இப்போது பார்த்ததுதான். வீட்டின் முகப்பு மேலே அப்படியே இருக்கும். கீழ்த்தள முன்சுவர் மட்டும் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சிக்கி, பெரும்பாலும் உடைக்கப்பட்டுவிடும்.

2. ஏரியாப் பள்ளத்தை மூடுவது. தோட்டம் இல்லாத தெருக்களில் பள்ளத்தின் மேல் கல்லோ இரும்புச் சட்டமோ போட்டு, கடை ஜன்னலை நடைபாதைக்கு இழுத்துவருவார்கள். நிலவறைக்கு வெளிச்சம் போய்விடும் என்பதால் நடைபாதையில் தடிமனான கண்ணாடிக் கட்டிகளைப் பதிப்பார்கள்.

3. முகப்பைத் திறப்பது. மூன்றிலும் கடினமானது, கட்டடத்துக்கு மிக ஆபத்தானது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஐந்தரை மீட்டர் அகல வீடு. கீழ்த்தளத்துக்கு மேலே இரண்டு மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து ஏழு மீட்டர் உயரம். ஜன்னல்களுக்குக் கால்வாசி கழித்தால் சுமார் 29 சதுர மீட்டர் சுவர். ஒன்றரைச் செங்கல் தடிமன், அதாவது ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். எடை போட்டால் 17 டன் வருகிறது. இது வெறும் செங்கல் மட்டும். தளங்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் மனிதர்களும் தனி. இந்த 17 டன்னுக்கு அடியில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்க வேண்டும்.

செய்த விதம் இது. முதல் மாடித் தரை மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கனத்த மரத்தைக் குறுக்கே நுழைத்து, உள்ளேயும் வெளியேயும் முட்டுக் கொடுப்பார்கள். துணியில் ஊசி குத்துவது போல இருப்பதால் தொழிலாளர்கள் அந்த மரத்துக்கு ஊசி என்றே பெயர் வைத்தார்கள்; நீடில் என்ற அந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் உண்டு. சுவர் முழுவதும் ஊசிகளின் மேல் உட்கார்ந்ததும் கீழ்ச் சுவரை இடித்து எடுப்பார்கள். பிறகு ஒரு பொதுச்சுவரிலிருந்து இன்னொரு பொதுச்சுவர் வரை பெரிய உத்தரம் ஒன்றை ஏற்றுவார்கள். பிரெஸ்ஸமர் என்பது அதன் பெயர். நடுவில் தாங்க மரத்தூணோ, பின்னாளில் மெல்லிய வார்ப்பிரும்புத் தூணோ வைப்பார்கள். உத்தரத்துக்கும் மேல் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஆப்பும் கல்லும் சாந்தும் இறுகத் திணித்த பிறகுதான் ஊசிகளை உருவுவார்கள். அந்தத் திணிப்பில் சோம்பல் காட்டியிருந்தால் மேல் சுவர் சில மில்லிமீட்டர் இறங்கும். பழைய கடைகளுக்கு மேலே ஜன்னலடிகள் லேசாகச் சாய்ந்து, மூலைகளிலிருந்து படிக்கட்டு வடிவில் விரிசல் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில வீடுகளில் அந்த விரிசல் உத்தரத்தை ஏற்றிய காலத்திலேயே வந்தது. வந்து அப்படியே நின்றுவிட்டது.

அந்த உத்தரத்தை மறைக்க ஒரு பலகை வேண்டுமே? அதுதான் இன்று கடைப்பெயர் எழுதும் பலகை. ஃபேசியா என்பார்கள். அதற்கு மேலே மழைநீர் வழியாமல் தடுக்க வெளியே நீண்ட விளிம்பு, அதன் தலையில் ஈயத்தகடு. இரண்டு ஓரத்திலும் பொதுச்சுவரின் முனையை மறைக்கும் தட்டைத் தூண்கள். அவற்றின் உச்சியில் செதுக்கிய தாங்குகட்டை. ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைச் சுவர். சேற்றுத் தெறிப்பும் உதையும் அதோடு நிற்கும். அதில் உள்ள கம்பி வலை நிலவறைக்குக் காற்று தரும். கோயில் முகப்பைப் பார்த்துச் செய்த அலங்காரமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு. எனக்குக் கடைமுகப்புகள் மேல் இத்தனை மதிப்பு வரக் காரணமே இதுதான். தச்சர்கள் ஒரு கட்டமைப்புச் சிக்கலை எடுத்து, அதை அழகாக்கித் தெருவுக்குத் தந்திருக்கிறார்கள்.

கண்ணாடி பெரிதான கதை

முதல் தலைமுறைக் கடைமுகப்புகளில் கண்ணாடி சிறு சிறு சதுரங்களாக இருக்கும். அன்றைய நல்ல கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாகச் செய்தார்கள். அதிலிருந்து பெரிய துண்டு வெட்ட முடியாது. போதாததற்குக் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி. ஜன்னல் எண்ணிக்கைக்குத் தனி வரி. செங்கல்லுக்கும் வரி. கண்ணாடி வரி 1845இல் போனது, செங்கல் வரி 1850இல், ஜன்னல் வரி 1851இல். அதற்குப் பிறகுதான் ஆளுயரக் கண்ணாடிகள் சாதாரணக் கடைக்காரருக்கும் கட்டுப்படியாயின. முன்பு 1774 சட்டம் கடை ஜன்னல் தெருவுக்குள் எத்தனை அங்குலம் நீளலாம் என்றும் எல்லை வைத்திருந்தது: 30 அடி அகலத் தெருவில் 10 அங்குலம், அதைவிடக் குறுகலான தெருவில் 5 அங்குலம். சில பழைய கடைகளின் வளைந்த ஜன்னல் அவ்வளவு அடக்கமாகப் பிதுங்கி நிற்பதன் காரணம் இதுதான்.

ஆகவே ஒரே கட்டடத்தில் மூன்று காலங்கள் இருக்கலாம். மேலே 1820களின் வீடு, கீழே 1860களின் பெருங்கண்ணாடி முகப்பு, அதன் மேல் ஒட்டிய 1970களின் பிளாஸ்டிக் பலகை. கடைசி அடுக்கைக் கழற்றினால் நடு அடுக்கு சேதமில்லாமல் உள்ளே இருப்பதும் உண்டு.

இன்று எங்கே பழுதாகிறது?

1. உத்தரம். பெயர்ப்பலகைக்கு மேலிருக்கும் ஈயத்தகடு கிழிந்தால் நீர் உள்ளே இறங்கும். பலகை மூடியிருப்பதால் யாரும் பார்க்க முடியாது. உத்தரத்தின் முனைகள் பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கின்றன. ஈரம் அங்கேதான் தங்கும், மரம் அங்கேதான் மக்கும். நடுவில் திடமாகத் தெரியும் மரத்தின் நுனி பஞ்சு போல இருக்கலாம். பலகை மாற்றும் நாள்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. பழைய பலகை மேலேயே புதியதை அடித்துவிட்டுப் போனால் அந்த வாய்ப்பும் போகும்.

2. நடுத்தடுப்பு. கடையை விசாலமாக்க முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள மரத்தடுப்பை எடுத்துவிடுகிறார்கள். சரியான உத்தரம் வைக்காமல் எடுத்தால் மேல் தளங்கள் நடுவை நோக்கித் தொய்யும். மாடியில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் தானாக அறையின் நடுப்பக்கம் உருளும் வீடுகள் உண்டு.

3. முகப்பின் தோல். முன்னே சொன்ன சிக்கனத்தின் விளைவு இது. வெளியே தெரியும் நல்ல செங்கல் வரிசை, பின்னால் உள்ள மலிவுச் செங்கலோடு சரியாகக் கோக்கப்படவில்லை. உள்ளே குறுக்காக நுழைய வேண்டிய செங்கற்களைப் பாதியாக உடைத்து, கோத்தது போலக் காட்டியிருப்பார்கள். போதாததற்குச் சுவருக்குள்ளேயே நீளவாக்கில் மரக்கட்டைகள். அவை மக்கிச் சுருங்கும்போது வெளித்தோல் வயிறு போலப் பிதுங்கும். கீழே சுவரே இல்லாமல் உத்தரத்தில் நிற்கும் முகப்புக்கு இது கூடுதல் ஆபத்து.

4. சிமென்ட். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. உறிஞ்சிய ஈரம் சாந்து வழியாக வெளியேறும். செங்கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிரில் உறைந்து செங்கலின் முகம் உதிரும்.

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்களின் கட்டடங்கள் பெரும்பாலும் இவற்றுக்குப் பிந்தையவை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். ஆனால் கடைமுகப்புக்கு மேல் உத்தரம், அதை மறைக்கும் பலகை என்ற எலும்புக்கூடு அங்கேயும் அதேதான். கடையை வாடகைக்கு எடுப்பவர்கள் குத்தகைப் பத்திரத்தில் "முழுப் பழுதுபார்ப்பும் வாடகைதாரர் பொறுப்பு" என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், பலகைக்குப் பின்னால் மக்கிய உத்தரத்தின் செலவும் அவர் தலையில் விழக்கூடும். கையெழுத்திடும் முன் கட்டட ஆய்வாளரைக் கூப்பிட்டு அந்தப் பலகையைத் திறந்து பார்ப்பது ஒரு நாள் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது முதல் குழப்பத்துக்கு வரலாம். இங்கிலாந்தில் மூன்று தனித்தனி விஷயங்களைச் செய்திகள் ஒன்றாகக் கலக்கின்றன.

ஒன்று, பயன்பாடு. 2020 செப்டம்பர் 1 முதல் கடை, அலுவலகம், உணவகம் முதலியவை "வகுப்பு ஈ" என்ற ஒரே பிரிவில் சேர்ந்தன. 2021 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பிரிவிலுள்ள கட்டடத்தை முழுமையான திட்ட அனுமதி இல்லாமல், "முன் ஒப்புதல்" என்ற சுருக்கமான நடைமுறையில் குடியிருப்பாக மாற்றலாம். இதற்கு "வகுப்பு எம்.ஏ." என்று பெயர். முதலில் 1,500 சதுர மீட்டர் வரம்பும், மூன்று மாதம் காலியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தன. 2024 மார்ச் 5 முதல் இரண்டும் நீக்கப்பட்டன.

இரண்டு, பட்டியல். 1700க்கும் 1850க்கும் இடையில் கட்டி, பழைய கட்டுமானம் கணிசமாக மிஞ்சியிருக்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை பழமையைக் காக்கும் தேசியக் கட்டடப் பட்டியலில் சேரத் தகுதி உள்ளவை. நம் வீடுகள் சரியாக அந்தக் காலத்தவை. பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு வகுப்பு எம்.ஏ. பொருந்தாது. பாதுகாப்பு முகப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; தவறு. உள்ளே இருக்கும் மாடிப்படி, பூச்சு, தடுப்பு, பின்னாளில் சேர்ந்த கடைமுகப்பு எல்லாமே அதில் அடங்கும். அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது குற்றம். எத்தனை ஆண்டு கழித்தும் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்கும் இன்றைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும்.

மூன்று, தோற்றம். பட்டியலில் இல்லாவிட்டாலும் கடைமுகப்பின் தோற்றத்தைக் கணிசமாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும். வெளியே தெரியும்படி ரோலிங் ஷட்டர் பெட்டி வைப்பதும் இதில் சேரும். வெளிச்சப் பலகைகளுக்கு, பழமையைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

ஆக, கடையை வீடாக்குவது பயன்பாட்டுக் கேள்வி. பலகை மாட்டுவது தோற்றக் கேள்வி. இரண்டுக்கும் வாசல் வேறு. இவை தவிர, உத்தரத்தின் முனையைப் பொதுச்சுவரில் புதிதாகப் பதிக்க வேண்டுமானால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து உரிமையாளருக்கு இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும்.

சட்டம் சொல்லிவிட்டது, கட்டடம் ஒத்துழைக்குமா? முதலில் மனதில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. டெரஸ் வீட்டுக்கு வெளிச்சம் முன்னும் பின்னும் மட்டுமே. வீடாக இருந்தபோது முன்னறைக்கு ஒரு ஜன்னல், பின்னறைக்கு ஒரு ஜன்னல், அளவு சரியாக இருந்தது. கடையானபோது முன்தோட்டமும் பின்முற்றமும் கூரைக்குள் வந்துவிட்டன. முன்னே கண்ணாடி, பின்னே சரக்கு வாசல், நடுவில் இருபது மீட்டருக்கும் மேல் விளக்கு எரிந்தால்தான் ஆள் தெரியும் இடம். வகுப்பு எம்.ஏ. விதிப்படி மனிதர்கள் புழங்கும் ஒவ்வொரு அறைக்கும் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும். மிகச் சிறிய வீட்டுக்கும் குறைந்தது 37 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். பரப்பு எளிதாகக் கிடைத்துவிடும், வெளிச்சம் கிடைக்காது. பின்முற்றத்தின் கூரையை எடுத்து, அது முன்பு இருந்தபடி வானத்துக்குத் திறந்துவிடுவதுதான் பல கட்டடங்களில் ஒரே நேர்மையான தீர்வு. அப்படிச் செய்தால் விற்கக்கூடிய பரப்பு குறையும் என்பதால் முதலீட்டாளர்கள் தயங்குகிறார்கள்.

கடைமுகப்பை என்ன செய்வது என்பதிலும் சண்டை நடக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு 1820இன் செங்கல் சுவரையும் இரண்டு ஜன்னலையும் திரும்பக் கட்டினால் வீடு "மூல வடிவம்" பெறும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. நல்ல மரவேலை உள்ள 1860களின் முகப்புக்கு வயது 160க்கு மேல். அந்த வீடு குடும்ப வீடாக இருந்ததை விடக் கடையாக இருந்த காலமே நீளம். முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மடக்கும் மரக்கதவுகள் போட்டு வாழலாம்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஓரத்து வாசல்.

வீட்டின் பழைய தலைவாசல் ஒரு ஓரத்தில் இருந்தது என்று பார்த்தோம். நல்லபடியாக மாற்றிய கடைகளில் அந்த வாசல் அதே இடத்தில் நிற்கிறது: கடைக்கு ஒரு கதவு, ஓரத்தில் மாடிக்குத் தனிக் கதவு. மாடியில் யாராவது குடியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு மீட்டர் கண்ணாடி வேண்டும் என்று பல கடைகளில் அந்தக் கதவையும் நடையையும் விழுங்கிவிட்டார்கள். மாடிப்படி கடையின் பின்மூலையில் சிக்கிக்கொண்டது. கடை திறந்திருந்தால்தான் ஏற முடியும், கீழே தீப்பிடித்தால் இறங்க வழியில்லை. மேலே உயர ஜன்னல்களோடு இருக்கும் வரவேற்பறையில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கீழே இருட்டறையில் வீடு கட்டுவதைப் பற்றி இத்தனை விவாதம் நடக்கும்போது, மேலே வெளிச்சமான இரண்டு மாடிகள் கதவில்லாத ஒரே காரணத்தால் காலியாகக் கிடக்கின்றன. இத்தகைய கட்டடத்துக்கு மாற்ற விண்ணப்பம் ஏதாவது வந்தால், வரைபடத்தில் நான் முதலில் தேடுவது அந்த ஒரு மீட்டரைத்தான்: ஓரத்துக் கதவு தெருவுக்குத் திரும்ப வருகிறதா, அதன் பின்னால் நடை நேராகப் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்கிறதா?